வெடியுப்பும் வேர் முடிச்சும்

அப்பா பட்டாசு ஆலையில் மருந்து கலக்கியவர். அம்மா சாத்தூர்ப் பக்கம் இரண்டு குறுக்கம் கரிசலில் உளுந்தும் பருத்தியும் போட்டவள். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் என்ற மூன்று பெயரும் எழுத்துக் கூட்டப் பழகும் முன்பே எனக்குப் பழக்கம். வெடியுப்பில் இருக்கும் நைட்ரேட்டைத்தான் அம்மாவின் பருத்தி வேரும் உறிஞ்சுகிறது என்பதோ, கல்லூரியில் தாவரவியல் படித்தபோதுதான் தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்து தீப்பெட்டி செய்யத் தொடங்கிய கதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். வெடியுப்பின் கதையை யாரும் சொல்வதில்லை. ரசாயன ஆலைகள் வருமுன் அது மண்ணிலிருந்துதான் வந்தது. மாட்டுத் தொழுவத்து மண்ணையும் குட்டிச்சுவரடி மண்ணையும் சுரண்டி, நீரில் கரைத்து, வடித்து, காய்ச்சினால் உப்புப் பூக்கும். உப்பிலியர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை அது.

மண்ணுக்குள் அதை ஆக்கியது யார்? 1877-ல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரைச் சொட்டவிட்டார்கள். முதலில் ஒன்றுமில்லை. சில வாரங்களில் நைட்ரேட் இறங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், நின்றுபோனது. அப்படியானால் உள்ளே உயிருள்ள ஏதோ ஒன்று வேலை செய்திருக்கிறது! 1890-ல் வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிரிகளைத் தனியே பிரித்தெடுத்தார். பயறு வகைகளின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கின்றன என்பதை ஹெல்ரீகல் 1886-லேயே சொல்லியிருந்தார்.

நம் பக்கத்தில் வேரடி மண்ணை விடாப்பிடியாகத் துருவியவர் டி. எஸ். சதாசிவன். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில், மண்ணில் புதைந்த கோதுமைத் தாளை எந்தப் பூஞ்சை முந்தித் தின்கிறது, எது பிந்தி வருகிறது என்று ஆராய்ந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் பருத்தி வாடல் நோயைக் கையில் எடுத்தார். பூஞ்சை மண்ணில் காத்திருந்து வேர் வழியே ஏறுகிறது. குடுவையில் வளர்த்தால் அது ஃபுசாரிக் அமிலம் என்ற நஞ்சைக் கக்கும். வாடிய செடிக்குள்ளேயே அந்த நஞ்சு இருப்பதை 1955-ல் அவருடைய குழு காட்டியது. கரிசல் விவசாயியின் பருத்திக்காக நடந்த வேலை என்பதால் எனக்கு அது தனி நெருக்கம்.

1988 ஜனவரியில், வேரைத் தாக்காமல் அதோடு கூட்டு வைக்கும் மைக்கோரைசா பூஞ்சைகளுக்கான முதல் ஆசிய மாநாடு அதே சென்னைப் பல்கலைக்கழகத்தில் கூடியது. மறு ஆண்டு டெல்லியின் டெரி நிறுவனம் 'மைக்கோரைசா நியூஸ்' இதழைத் தொடங்கியது. யார் எந்தப் பூஞ்சையை வளர்க்கிறார்கள், எந்த முறை யாருக்குக் கைகொடுத்தது என்பதெல்லாம் அதில் வரும். சிறிய கல்லூரியில் தனியாக வேலை பார்த்த என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் கூட்டாளி.

கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பூஞ்சைகளின் வித்துகளை மண்ணிலிருந்து பிரிக்க, 1963-ல் கெர்டமனும் நிக்கல்சனும் சொன்ன ஈரச் சல்லடை முறைதான்: மண்ணை நீரில் கலக்கி, கண் சிறுத்துக்கொண்டே போகும் சல்லடைகளில் ஊற்றுவது. கரிசலோ களியாகி அடைத்துக்கொள்ளும். வேரைப் பார்க்கச் செடியைப் பிடுங்கவும் கூடாது, அறுந்துபோகும். சுற்றிலும் தோண்டி, மண்கட்டியோடு வாளியில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் சொம்புத் தண்ணீரால் மெல்லக் கழுவ வேண்டும். அம்மாதான் கழுவித் தருவாள். அவள் கையில் ஒரு முடிச்சுகூட உதிராது.

ஐப்பசியில் விதைத்த உளுந்து பூக்கும்போது ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு. இந்த நிறம் இருந்தால் அது நைட்ரஜன் பிடிக்கிறது என்றேன். அம்மா ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தாள். ஷிப்ட் முடிந்து அலுமினியத் தூள் பளபளக்கும் கையோடு வந்த அப்பாவைக் கூப்பிட்டு, "இங்க பாருங்க, உங்க ஆலை உப்பு நம்ம வேர்ல" என்றாள்.