தாத்தாவின் சுரங்கமும் சூடு தாங்கும் பாக்டீரியாவும்

மைசூருக்கு மாற்றலாகி வந்த புதிதில் சிவசமுத்திரம் போனோம். எல்லோரும் அருவியைப் பார்க்க, நான் மின்நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1902 ஜூன் 30-ல் அங்கிருந்து கிளம்பிய கரண்ட், சுமார் 147 கிலோமீட்டர் தாண்டி கோலார் தங்கவயலுக்குப் போனது. பெங்களூருக்கு 1905-ல்தான். மகாராஜா குடியிருந்த மைசூருக்கோ 1908-ல்! (தங்கம் என்றால் சும்மாவா?)

அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் நிறைய பேர் தமிழர்கள். எங்கள் தாத்தாவும் வேலூர் பக்கத்திலிருந்து போனவர்தான். "பாறையைத் தொட்டா கை சுடும்டா" என்பார். கதை விடுகிறார் என்று நினைத்திருக்கிறேன். இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல்.

அந்தச் சூட்டிலும் உயிர் இருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில், 3.2 கிலோமீட்டர் ஆழத்தில் கிடைத்த தெர்மஸ் வகை பாக்டீரியா பற்றி 1999-ல் எழுதினார்கள். நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பது போல அது இரும்புத் துருவைச் 'சுவாசிக்கிறது'. அதாவது, தின்றதில் மிஞ்சும் எலக்ட்ரான்களை இரும்பின் தலையில் கட்டிவிடுகிறது. இப்படிப்பட்ட சில பாக்டீரியாக்களுக்கு இரும்புக்குப் பதில் கார்பன் தகட்டைக் கொடுத்தால் அதிலும் தள்ளும். தகட்டில் ஒயரை மாட்டினால் கரண்ட்!

நிற்க. இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1911-லேயே இங்கிலாந்தில் பாட்டர் என்ற தாவரவியல் பேராசிரியர் ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் வைத்து மின்சாரம் காட்டினார். 1931-ல் அமெரிக்காவில் கோஹென் பல செல்களைக் கோத்து 35 வோல்ட் எடுத்தார். ஆனால் 2 மில்லிஆம்பியர்தான். காமர்ஸ் படித்தவன் பெருக்கினாலும் 0.07 வாட்தான் வருகிறது.

சூடு விரும்பிகளின் முறை பிறகு வந்தது. 2008-ல் பெர்க்லி ஆய்வாளர்கள் 55 டிகிரியில் செல்லை ஓடவிட்டு, அதில் தெர்மின்கோலா என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். தானாகவே தகட்டுக்கு எலக்ட்ரானைத் தரும் ஜாதி அது.

"அப்போ இனி பவர்கட்டே வராதாப்பா?" என்றான் பையன். வரும்டா. இது சிவசமுத்திரத்தின் கால்தூசி பெறாது. ஆனால் வரவை மட்டும் பார்க்கக் கூடாது. சாராய ஆலைக் கழிவு கொதிக்கக் கொதிக்க வருகிறது. அதை ஆறவைக்கவும், காற்றடித்துச் சுத்தம் பண்ணவும் ஆகும் செலவு கொஞ்சமில்லை. அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்து அழுக்கைத் தின்னும் பாக்டீரியா அந்தச் செலவில் கொஞ்சம் குறைத்தாலே லாபம். என்ன, ஆய்வுக்கூடத்தை விட்டு ஆலைக்குள் பெரிதாக இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்த மாதம் பையனைத் தங்கவயலுக்குக் கூட்டிப் போகிறேன். சுரங்கத்தை 2001-லேயே மூடிவிட்டார்கள். தாத்தா இறங்கின இடத்தை வெளியில் நின்றாவது காட்ட வேண்டும்.