சொப்புச் சாமான்

சொப்புச் சாமான் என்பது வீட்டில் அன்றாடம் புழங்கும் பாத்திரங்களையும் கருவிகளையும் கைக்கு அடக்கமான அளவில் செய்யும் தமிழ்நாட்டுக் கைவினை. அடுப்பு, குடம், தோசைக்கல், அம்மி, குழவி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, முறம், கரண்டி என ஒரு சமையலறை முழுவதும் இதில் அடங்கிவிடும். மண், மரம், மாக்கல், பித்தளை, பனையோலை ஆகியவற்றால் இவற்றைச் செய்வர். மரச் சொப்புக்குப் பெயர்பெற்ற ஊர் திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரம். அதற்கு வடக்கே உள்ள விருதுநகர் மாவட்டம், இந்தச் சிறு கலங்களைப் பற்றிய அருமையான இலக்கியச் சான்று ஒன்றைத் தந்த மண்.

பெயரும் இலக்கிய வழக்கும்

‘சொப்பு’ என்பது ‘செப்பு’ என்ற சொல்லின் பேச்சு வடிவம். செப்பு என்றால் சிமிழ், சிறு கலம். சிறுமியர் மணலில் கட்டும் வீட்டைச் சிற்றில் என்றும், விளையாட்டாக ஆக்கும் சோற்றைச் சிறுசோறு என்றும் பழைய இலக்கியங்கள் குறிக்கின்றன. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசி மூன்று சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்பவை. வீடு, பறை, தேர் ஆகிய மூன்றும் குழந்தையின் அளவுக்குச் சிறுத்து வருவதை இப்பெயர்களே காட்டும்.

விருதுநகர் மாவட்டத்தில்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த ஆண்டாள் பாடிய நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம், தாங்கள் கட்டிய மணல் வீட்டைக் கலைக்க வேண்டாம் என்று ஆயர் சிறுமியர் கண்ணனிடம் கெஞ்சுவதாக அமைந்தது. அவர்கள் கையில் இருக்கும் விளையாட்டுச் சாமான்களையும் ஆண்டாள் சொல்கிறாள்: வட்டமான வாயுள்ள தூதை, சுளகு, மணல். தூதை என்பது விளையாட்டுக்கு உரிய சிறு மண்கலம். இன்று அந்தச் சொல் பேச்சில் இல்லை. சுளகு மட்டும் ‘சொளகு’ என்று தென்மாவட்ட வீடுகளில் இன்னும் புழங்குகிறது.

சிவகாசியை அடுத்த வெம்பக்கோட்டையில், வைப்பாற்றின் கரையிலுள்ள மேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. பட்டாசு ஆலைகள் சூழ்ந்த இந்தப் பகுதியில் மண்ணுக்குள்ளிருந்து சுடுமண் உருவங்கள், ஆட்டக்காய்கள், பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகள் ஆகியவை கிடைத்தன. உடைந்த பானையையும் வீசிவிடாமல் விளையாட்டுப் பொருளாக்கிய பழக்கத்துக்கு இந்தச் சில்லுகள் சான்று.

அந்தப் பழக்கம் பின்னாளிலும் தொடர்ந்தது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொழில் கற்கக் கல்கத்தா சென்று திரும்பித் தீப்பெட்டித் தொழிலை 1920-களில் ஊரில் ஊன்றினார்கள். அந்தத் தொழில் தந்த காலிப் பெட்டியைப் பிள்ளைகள் ரயிலாகவும், நாற்காலியாகவும், நூல் கோத்த தொலைபேசியாகவும் ஆக்கினார்கள். பனங்காய் இரண்டைக் கம்பில் செருகினால் வண்டி. இவையெல்லாம் கடைக்குப் போகாத சொப்புகள்.

செய்முறை

மரச் சொப்பு கடைசல் வேலையால் ஆவது. நன்கு உலர்ந்த மரத்துண்டைக் கடைசல் எந்திரத்தில் பொருத்திச் சுழலவிட்டு, உளியை அணைத்து உருவம் எடுப்பர். முன்பு ஒருவர் கயிற்றை இழுத்துச் சுழற்ற, மற்றவர் கடைந்தார். பின்னர் அந்த வேலையை மின்மோட்டார் ஏற்றுக்கொண்டது. வண்ணம் தீட்டத் தூரிகை கிடையாது. நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு இளகிப் படிந்து மெருகேறும். கர்நாடகத்துச் சன்னபட்டணமும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவும் இதே அரக்குக் கடைசலுக்குப் புகழ்பெற்றவை. அங்கே வெட்பாலை மரமே முதன்மை.

மண் சொப்புக்குக் குயவர் சக்கரத்தில் பெரிய களிமண் திரளை ஏற்றி, அதன் உச்சியில் மட்டும் விரலால் குடம் பிடித்து, நூலால் அறுத்து எடுப்பார். ஒரே திரளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பல குடங்கள் பிறக்கும். உலரும்போதும் சுடும்போதும் மண் சுருங்குமாதலால் அதற்கும் சேர்த்தே அளவு வைக்க வேண்டும்.

பெரிய பானையின் அளவுகளை எல்லாம் ஒரே கணக்கில் குறைத்தால் சொப்பு ஆகிவிடாது. அந்தக் கணக்கில் சுவர் மெலிந்து குழந்தையின் கையில் நொறுங்கிவிடும். ஆகவே விளிம்பையும் அடியையும் சற்றுத் தடிமனாக விட்டு, அப்படியும் பானை என்றே கண்ணுக்குத் தோன்றும்படி கழுத்தையும் வயிற்றையும் அமைப்பதே இந்தக் கைவினைஞரின் திறமை.

வழிபாட்டிலும் உலகிலும்

சிறு உருவங்கள் விளையாட்டோடு நிற்பதில்லை. பிள்ளைப்பேறு வேண்டிக் கோயில் மரத்தில் கட்டும் மரத்தொட்டிலும் அன்றாடப் பொருளின் சிற்றுருவமே. தென் அமெரிக்காவின் பொலிவியாவில், லா பாஸ் நகரில் ஜனவரி 24 அன்று தொடங்கும் அலசிட்டா விழாவில் வீடு, வண்டி, உணவு மூட்டை ஆகியவற்றின் சிற்றுருவங்களை வாங்கி, அவை மெய்யாகவே கிடைக்க வேண்டும் என்று மக்கள் வேண்டுகிறார்கள். எகிப்தில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய மெக்கெட்ரே என்ற அதிகாரியின் கல்லறையில், அடுமனை, களஞ்சியம், நெசவுக்கூடம் ஆகியவற்றின் மரச் சிற்றுருவங்கள் 1920-இல் கண்டெடுக்கப்பட்டன. தொட்டிலும் அலசிட்டா வீடும் வரப்போகும் வாழ்வுக்கான வேண்டுதல். கல்லறையின் அடுமனை இறந்தபின் உள்ள வாழ்வுக்கான ஏற்பாடு. சிறுமியின் சொப்போ அவள் பார்த்து வளரும் வீட்டின் நகல்.

இன்றைய நிலை

நவராத்திரிக் கொலுவும் கோயில் திருவிழாக் கடைகளும் சொப்புக்கு இன்றும் சந்தையாக உள்ளன. பிளாஸ்டிக்கின் மலிவு விலை பெரும் போட்டி. இந்தியாவில் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் தர முத்திரை கட்டாயமானபோது, கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சிறு பட்டறைகளுக்கு அது தேவையான பாதுகாப்பு.

மிக்சியும் கிரைண்டரும் வந்தபின் அம்மி, ஆட்டுக்கல், திருகை, உரல் ஆகியவை பல வீடுகளை விட்டு வெளியேறிவிட்டன. சொப்புப் பெட்டியில் மட்டும் அவற்றின் இடம் போகவில்லை. அம்மியின் மேல் குழவி எப்படி நகரும், திருகையின் மேற்கல் எப்படிச் சுழலும் என்பதை இன்றைய பிள்ளைகளில் பலர் முதலில் அறிவது இந்தச் சிறு மரத்துண்டுகளிலிருந்துதான். ஒவ்வொன்றையும் எந்த அளவில் கடைய வேண்டும் என்ற கணக்கு கைவினைஞரின் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. தூதை என்ற சொல்லை ஒரு பாட்டு காப்பாற்றித் தந்ததுபோல, அந்தக் கணக்கையும் இப்போதே எழுதிவைக்க வேண்டும்.