இரத்தத்தில் பயணிக்கும் இனச்செல்கள்

கோழிக்கருவைப் பற்றிப் பாடமெடுக்கும்போது நான் 1914-இல்தான் தொடங்குவேன். அந்த ஆண்டில்தான் சார்லஸ் ஸ்விஃப்ட், பின்னாளில் முட்டையாகவோ விந்தாகவோ மாறப்போகும் இனச்செல்கள் கருவின் தலைக்கு முன்னே பிறைவடிவப் பகுதியில் திரண்டிருந்து, இரத்தத்தோடு ஓடி இனச்சுரப்பியைச் சேர்கின்றன என்று எழுதினார். எலியில் அவை திசுக்களுக்குள் நகர்ந்தே போகும்.

அடைவைத்து இரண்டரை நாளான முட்டையின் ஓட்டில் சிறு சன்னல் வெட்டி, நுண்ணிய கண்ணாடிக் குழாயால் துளி இரத்தம் எடுங்கள். கிளைக்கோஜன் நிறைந்த அந்தப் பெரிய உருண்டை இனச்செல்கள், கிளைக்கோஜனைச் சிவப்பாக்கும் பிஏஎஸ் சாயத்தில் செக்கச்செவேலெனத் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பரவசம்தான்.

2006-இல் அவற்றை ஆய்வகத்தில் நெடுநாள் வளர்த்துக் காட்டினார்கள். டிஎன்ஏவும் அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களும் சேர்ந்த குரோமேட்டினின் அமைப்பையும், அந்த ஹிஸ்டோன்கள்மேல் ஏறும் மெத்தில் குறிகளையும் ஆராய அது பெரிய வசதியாயிற்று. மெத்தில் குறிகள் டிஎன்ஏமேலும் உண்டு; எலியின் இனச்செல்கள் அந்த டிஎன்ஏ குறிகளைப் பெருமளவு அழித்துவிடும். அதை வைத்துக் கோழிக்கு முடிவுகட்டாதீர்கள். கோழியைக் கோழியிலேயே படியுங்கள்.