காமராஜர் நின்ற தேர்தல்கள்

சட்டசபை உறுப்பினர் ஒருவரின் வரலாற்றை அவர் கொணர்ந்த சட்டங்களைக் கொண்டு கூறுவதே வழக்கம். காமராஜரைப் பற்றி அவ்வாறு பேசியோர் பலர். நான் இன்று அவர் நின்ற தேர்தல்களைக் கொண்டு அவ்வரலாற்றைக் கூற விரும்புகிறேன்.

இளமையிலேயே பள்ளியை விட்டுத் துணிக்கடையில் வேலைக்கமர்ந்த அவர், 1937-ஆம் ஆண்டு சாத்தூரிலிருந்து சென்னைச் சட்டசபைக்குப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்நாளில் வாக்குரிமை எல்லோர்க்கும் உரியதன்று. சொத்து, வரி, கல்வி இவற்றைப் பார்த்தே அது வழங்கப்பட்டது.

1941-இல் அவர் வேலூர்ச் சிறையில் இருந்தபோது, விருதுநகர் நகராட்சி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. விடுதலை பெற்றதும் நகராட்சிக்குச் சென்ற அவர் செய்த வேலை, அப்பதவியைத் துறந்தது ஒன்றுதான். முழுமையாகப் பணியாற்ற இயலாத பதவியை வைத்துக்கொள்ள அவர் மனம் இசையவில்லை. 1946-இல் மீண்டும் சட்டசபை உறுப்பினரானார். 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாடாளுமன்றம் சென்றார்.

இனி 1954-ஆம் ஆண்டுக்கு வருவோம். குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர்கள் பெயரிட்ட கல்வித் திட்டத்தால் எழுந்த கொந்தளிப்பில் இராஜாஜி பதவி விலக, ஏப்ரல் 13-ஆம் நாள் காமராஜர் முதலமைச்சரானார். அப்போது அவர் சட்டசபையிலும் இல்லை, மேல்சபையிலும் இல்லை. "முதலமைச்சராகிவிட்டவர் மறுபடியும் வாக்குக் கேட்டு ஏன் செல்லவேண்டும்?" என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. நம் அரசியல் சட்டத்தின் 164-ஆம் பிரிவு கூறுவது இது: சபை உறுப்பினரல்லாத ஒருவர் அமைச்சராகலாம், ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகாவிட்டால் பதவி போய்விடும்.

உறுப்பினராவதற்கு எளிய வழி ஒன்று இருந்தது. 1952-இல் 375 இடங்களுள் காங்கிரஸ் 152 இடங்களையே பெற்றிருந்த நெருக்கடியில், இராஜாஜி மேல்சபைக்கு நியமனம் பெற்றே முதலமைச்சரானார். சட்டப்படி அதில் பிழையில்லை. ஆயினும் மக்களிடம் செல்லாமல் வந்தவர் என்ற பேச்சு அவரை விட்டு நீங்கவில்லை. காமராஜரும் மேல்சபை வழியே நுழைந்திருக்கலாம். அவர் குடியாத்தத்தில் நடந்த இடைத்தேர்தலில் நின்றார். அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர் அது; சொந்த ஊரின் செல்வாக்கு அங்கே துணைக்கு வராது. தோற்றிருந்தால் முதலமைச்சர் பதவியே ஆட்டங்கண்டிருக்கும். காங்கிரசைக் கடுமையாக எதிர்த்து வந்த பெரியாரும் அண்ணாவும் அத்தேர்தலில் அவரை ஆதரித்தனர். கம்யூனிஸ்டு கட்சி எதிர்த்து நின்றது. காமராஜர் வென்றார். அவருடைய ஆட்சியின் உறுதிக்கு இந்த ஒரு முடிவு இட்ட அடித்தளத்தை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை என்பது என் கருத்து.

1957-இலும் 1962-இலும் சாத்தூர் அவரை அனுப்பியது. 1963, அக்டோபர் 2-ஆம் நாள் கட்சிப் பணிக்கென முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்தார். பின்னர் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராகி, 1964-இல் லால்பகதூர் சாஸ்திரியும் 1966-இல் இந்திரா காந்தியும் பிரதமராவதற்கு முன்னின்றார்.

இத்துணைப் பெருமையோடு 1967-இல் தம் பிறந்த ஊராகிய விருதுநகரில் நின்றார். எதிர்த்து நின்றவர், 1965-ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் பங்குகொண்ட மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். அரிசித் தட்டுப்பாடும் மொழிச் சிக்கலும் மக்களைக் காங்கிரசிடமிருந்து விலக்கியிருந்த காலம். 1,285 வாக்குகளில் காமராஜர் தோற்றார். பிரதமர்களைத் தேர்ந்தெடுக்கத் துணைநின்றவரை அவர் பிறந்த ஊர் தேர்ந்தெடுக்கவில்லை. தமிழ்நாட்டுத் தேர்தல் வரலாற்றில் இதைவிட வியப்பான முடிவு எனக்குத் தெரிந்து இல்லை.

குடியாத்தத்தில் எந்த வாக்காளரிடம் உரிமை கேட்டுப் போனாரோ, அதே வாக்காளர் விருதுநகரில் மறுத்தபோதும் அவர் மேல்சபைக்குள் நுழைய முயலவில்லை. 1969-இல் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் மீண்டும் மக்கள் முன் நின்று, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். 1971 பொதுத்தேர்தலில் அவர் சார்ந்த பழைய காங்கிரஸ் தமிழகத்தில் ஒரேயொரு நாடாளுமன்றத் தொகுதியைப் பெற்றது. அதுவும் நாகர்கோவிலே. 1975-இல் மறையும் வரை அவ்வூரின் உறுப்பினராகவே இருந்தார். சென்னைச் சட்டசபையில் மறுபடியும் அமரவில்லை.