பலகைக்குப் பின்னால் இருந்தவர்கள்

சுரங்கப்பாதை தோண்டும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆட்டோமேஷன் பிரிவில் புதிதாகச் சேரும் இன்ஜினியர்களை வரவேற்று அறிமுக வகுப்பு எடுப்பது என் பொறுப்பு. பி.எல்.சி., சென்சார், அலாரம் பட்டியல் என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். நான் 1825-ல் ஆரம்பிப்பேன். "சார், அப்போ கரண்டே கிடையாதே" என்றான் ஒரு பையன். கிடையாதுதான். ஆனால் இன்று நாங்கள் எழுதும் நிரலின் தர்க்கம் அந்த ஆண்டிலேயே லண்டனில் இரும்பாக வார்க்கப்பட்டுவிட்டது என்பது என் கட்சி.

தேம்ஸ் நதிக்கு அடியில் பாதை போட மார்க் இசம்பார்ட் புருனெல் கொண்டுவந்தது 'ஷீல்டு' என்னும் இரும்புக் கூடு. இந்த யோசனைக்கு அவர் காப்புரிமை வாங்கியது 1818-ல். பக்கத்தில் பக்கமாக 12 சட்டங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று அடுக்கு, மொத்தம் 36 அறைகள். அறைக்கு ஒரு தொழிலாளி. அவன் முகத்துக்கு நேரே மண்சுவர். அது சரியாமல் தாங்கிப் பிடிக்க ஒன்றன்மேல் ஒன்றாகக் குறும்பலகைகள். அவன் ஒரே ஒரு பலகையை எடுப்பான், நாலரை அங்குலம் தோண்டுவான், அதே பலகையை முன்னே வைத்துத் திருகி முட்டுக்கொடுப்பான். அப்புறம்தான் அடுத்த பலகை. எல்லாம் முடிந்தபின், பின்னால் கட்டிய செங்கல் சுவரில் ஜாக்கியை ஊன்றிச் சட்டத்தை முன்னே நகர்த்துவார்கள். முந்தைய படி முடிந்தது உறுதியாகாமல் அடுத்த படிக்குப் போகாதே. இன்டர்லாக் என்று நாங்கள் சொல்வது இதைத்தான், வேறொன்றுமில்லை.

முறை சரியாக இருந்தும் நதி உள்ளே வந்தது. கூரைக்கும் நதித்தரைக்கும் இடையே இருந்த மண் சில இடங்களில் மிக மெலிசு. 1827 மே மாதம் ஒருமுறை வெள்ளம். 1828 ஜனவரி 12 அன்று மறுபடியும். ஆறு பேர் செத்தார்கள். புருனெலின் மகன் இசம்பார்டுக்கு அப்போது 21 வயது, காயத்தோடு தப்பினார். பணமும் தீர்ந்து, வேலை ஏழு ஆண்டு நின்றுபோனது. 400 மீட்டருக்கும் சற்றுக் குறைவான அந்தப் பாதை திறக்கப்பட்டது 1843-ல். பதினெட்டு வருஷம்! (நம்மூர் மேம்பாலங்களைக் கிண்டல் செய்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.)

அந்த 36 பேரைப் பற்றி எழுதப்பட்டது கொஞ்சம்தான். மண் ஈரமாகிறதா, பலகை உந்துகிறதா என்பது முதலில் தெரிந்திருக்கக்கூடியது அவர்கள் கைக்குத்தான். பிறகு வந்த ஒவ்வொரு முன்னேற்றமும் அந்தக் கையை மண்ணிலிருந்து இன்னும் கொஞ்சம் விலக்கியது.

1869-ல் லண்டன் டவர் சப்வேயில் கிரேட்ஹெட் வட்ட வடிவ ஷீல்டைக் கொண்டுவந்தார். தண்ணீரைத் தடுக்க அழுத்தக் காற்றை நிரப்பும் முறையும் பரவியது. நியூயார்க்கின் ஹட்சன் நதியடியில் 1880-ல் அந்தக் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போக, 20 பேர் இறந்தார்கள். அழுத்தத்திலிருந்து சட்டென்று வெளியே வந்தவர்கள் மூட்டுவலியால் சுருண்டதும் பலர் இறந்ததும் தனிக்கதை. எர்னஸ்ட் மோயர் என்ற இன்ஜினியர் அங்கேதான் 1890 வாக்கில் மருத்துவ ஏர்லாக் ஒன்றை வைத்தார். பாதிக்கப்பட்டவரை அதில் படுக்கவைத்து, மறுபடி அழுத்தம் ஏற்றி, மெல்ல இறக்குவார்கள்.

1970-களில் ஜப்பானில் புழக்கத்துக்கு வந்தது மண்ணழுத்தச் சமநிலை இயந்திரம். இதில் வெட்டும் தலைக்குப் பின்னால் மூடிய அறை ஒன்று. வெட்டிய மண்ணே அதில் நிறைந்து, எதிரே உள்ள மண்சுவரைத் தாங்குகிறது. புருனெலின் பலகைகள் செய்த வேலையை இப்போது மண்ணே செய்கிறது. அறையிலிருந்து மண்ணை வெளியே இழுப்பது ஒரு திருகுக் குழாய். இயந்திரம் முன்னேறும் வேகத்துக்கு மீறித் திருகு சுழன்றால் அறையில் அழுத்தம் விழும், மேலே தெருவும் வீடும் உட்காரும். மெதுவானால் அழுத்தம் ஏறி நிலம் புடைக்கும். இரண்டுக்கும் நடுவே நிறுத்தி வைப்பதுதான் எங்கள் வேலை.

"சார், இதுல மண்ணை யார் பார்க்கிறது?" என்றாள் ஒரு பெண். நல்ல கேள்வி. யாரும் பார்ப்பதில்லை. சில அழுத்த சென்சார்கள், கன்வேயரில் ஓர் எடைமானி, அவ்வளவுதான். சென்சாரின் வாயில் களிமண் அப்பிக்கொண்டால் திரையில் கோடு ஆடாமல் அசையாமல் அழகாக இருக்கும். "அலாரம் அடிச்சா பயப்படாதீங்க, கோடு அசையலைன்னா பயப்படுங்க" என்பேன். எவ்வளவு முன்னேறினோம், எவ்வளவு மண் வெளியே வந்தது என்று எடையோடு ஒப்பிடுங்கள். கணக்குக்கு மேலே மண் வந்தால், எங்கோ ஒரு குழி உருவாகிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் மனிதர்கள் முன்னே போகிறார்கள். வெட்டுப்பற்கள் தேய்ந்தால் மாற்ற வேண்டுமே. அறையில் மண்ணின் அளவைக் குறைத்து, அந்த இடத்தில் அழுத்தக் காற்றை நிரப்பி, ஏர்லாக் வழியாக இரண்டு மூன்று பேர் உள்ளே நுழைவார்கள். வேலை முடிந்ததும், மணிக்கணக்கானாலும், அட்டவணைப்படி மெல்லத்தான் வெளியே வர முடியும். அவர்கள் உள்ளே இருக்கும்வரை, அவர்கள் பக்கத்திலேயே இருக்கும் பட்டனைத் தவிர வேறெங்கிருந்தும் வெட்டும் தலை சுழலக் கூடாது. அதற்கான நிரல் மொத்தம் சில பக்கங்கள். புதியவர்களுக்கு முதலில் தருவது அதைத்தான். மாற்றுவதற்கு அல்ல, வாசிப்பதற்கு.