சயாமிய இரட்டையர்: சாங், எங் பங்கர்

சாங், எங் (மே 11, 1811 – சனவரி 17, 1874) என்போர் சியாம் நாட்டில், அதாவது இன்றைய தாய்லாந்தில், பாங்காக் அருகிலுள்ள மேக்லாங்கில் ஒட்டிப்பிறந்த இரட்டையர். சீன வழிக் குடும்பத்தினர். "சயாமிய இரட்டையர்" என்ற சொல் உலகெங்கும் பரவியது இவர்களால்தான்.

இருவரின் மார்பெலும்பின் அடிப்பகுதியைத் தசைப்பாலம் ஒன்று இணைத்திருந்தது. முதலில் முகத்துக்கு முகம் பார்த்தபடி இருந்தவர்கள், அது சிறிது சிறிதாக நீண்டதால் பக்கத்தில் பக்கமாக நிற்கவும் நடக்கவும் பழகினர். தந்தையை இழந்த பின் வாத்து முட்டை விற்றும் பிழைத்தனர்.

1824இல் இராபர்ட் அன்டர் என்ற பிரித்தானிய வணிகர் இவர்களைக் கண்டார். 1829இல் ஏபல் காபின் என்ற கப்பல் தலைவர் இவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றார். மக்கள் கட்டணம் செலுத்தி இவர்களைப் பார்த்தனர். வருவாயில் பெரும்பங்கு பிறருக்கே போயிற்று. 1832இல், 21 வயது நிறைந்ததும், காபினை விட்டு விலகித் தாங்களே நிகழ்ச்சிகளை நடத்தினர்.

1839இல் வட கரோலினாவில் நிலம் வாங்கிக் குடியேறி, அமெரிக்கக் குடியுரிமையும் பெற்று, பங்கர் என்ற குடும்பப் பெயரை ஏற்றனர். 1843இல் சாங் அடிலெய்டு யேட்சையும் எங் அவர் உடன்பிறந்த சாராவையும் மணந்தனர். சாங்குக்குப் பத்து, எங்குக்குப் பதினொன்று எனப் பிள்ளைகள் 21 பேர்.

பின்னாளில் இரண்டு வீடுகள் அமைத்து, மூன்று நாள் ஒருவர் வீட்டிலும் அடுத்த மூன்று நாள் மற்றவர் வீட்டிலும் வாழ்ந்தனர். எவர் வீட்டில் இருக்கிறார்களோ அவர் விருப்பமே அங்கு நடக்கும், மற்றவர் விட்டுக்கொடுப்பார். சாங் மது அருந்துவார், எங் அருந்தமாட்டார். உடல் இணைந்திருந்தும் மனத்தால் இருவராகவே வாழ இம்முறை உதவியது.

இவர்கள் வரலாற்றில் மறைக்கக்கூடாத ஒரு பக்கமும் உண்டு. ஒரு காலத்தில் காட்சிப்பொருளாகக் கொண்டுசெல்லப்பட்ட இவர்களே பிற்காலத்தில் கறுப்பின அடிமைகளை வைத்து வேளாண்மை செய்தனர். உள்நாட்டுப் போரில் இவர்களின் மகன்கள் தென்மாநிலங்களின் படையில் போரிட்டனர். 1865இல் அடிமைமுறை ஒழிந்ததும் செல்வம் குறைந்து, மீண்டும் மேடை ஏறினர்.

1870இல் சாங் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். 1874 சனவரி 17 அன்று உறக்கத்தில் அவர் இறக்க, சில மணி நேரத்தில் எங்கும் இறந்தார். பிலடெல்பியாவில் நடந்த உடற்கூறாய்வில், இருவரின் கல்லீரல்களும் அப்பாலத்தின் வழியே இணைந்திருந்தது தெரியவந்தது. அக்கல்லீரல் அந்நகரின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

இன்று மருத்துவர்கள் இத்தகையோரை நாட்டின் பெயரால் குறிப்பதில்லை. ஒட்டிப்பிறந்த இரட்டையர் என்றே குறிக்கின்றனர்.