சாலையைப் பற்றி யாரைக் கேட்பது?

நெடுஞ்சாலை எப்படி இருக்கிறது என்று மதிப்பெண் போடச் சொல்லிப் போன வாரம் என் கைப்பேசிக்கு ஒரு படிவம் வந்தது. அதைப் பார்த்ததும் பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார் நடத்திய 1789ஆம் ஆண்டுப் பாடம் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த ஜனவரியில் பதினாறாம் லூயி மன்னர், குடிகள் தங்கள் குறைகளை எழுதி அனுப்பலாம் என்று உத்தரவிட்டார். 25 வயது நிரம்பி, வரிப் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் ஊர்தோறும் கூடி எழுதினார்கள். அதற்குக் 'கையே த தொலேயான்ஸ்', அதாவது குறையேடு என்று பெயர். சுமார் 60,000 ஏடுகள் சேர்ந்தன.

பிரான்சின் நெடுஞ்சாலைகள் அப்போது ஐரோப்பாவிலேயே பெயர் பெற்றவை. ஆர்தர் யங் என்ற ஆங்கிலேயப் பயணி அவற்றை மெச்சி எழுதியிருக்கிறார். அவரிடம் படிவம் கொடுத்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

ஆனால் அந்தச் சாலைகளைப் போட்டது யார்? 1738 முதல் குடியானவர்கள் தங்கள் வண்டி மாட்டோடு வந்து, கூலியில்லாமல் உழைக்க வேண்டும் என்பது சட்டம். அதன் பெயர் 'கொர்வே'. நம் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருமே, அந்த மாதிரி. பிரபுக்களுக்கும் குருமார்களுக்கும் விலக்கு. 1776இல் துர்கோ என்ற அமைச்சர் இதை நீக்கி, நிலம் உள்ள எல்லோருக்கும் வரி விதித்தார். சில மாதங்களில் அவர் பதவி போயிற்று, கொர்வே திரும்பி வந்தது. 1787இல் உழைப்புக்குப் பதில் பணம் என்று மாற்றியபோதும் பாரம் குடியானவர் தலையில்தான்.

ஆகவே பல ஏடுகளில், சாலையில் சொகுசாகப் போகிறவர்களும் செலவில் பங்கு தரட்டும் என்று எழுதினார்கள். ராஜபாட்டை பளபளக்கிறது, எங்கள் ஊர்ப்பாதையில் வண்டி போக முடியவில்லை என்ற முறையீடும் உண்டு.

ஏடுகளில் பல, கைக்குக் கை வந்த மாதிரி வாசகத்தைப் பார்த்து எழுதியவை. குமாஸ்தாவாக இருந்த எனக்கு இது புதிதல்ல. எங்களிடம் வந்த மனுக்களிலும் முதல் பக்கம் வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறவருடையது. கடைசி இரண்டு வரியில்தான் அந்த ஊர்ப் பள்ளமும் மதகும் தெரியும். நான் மனுவைக் கீழிருந்துதான் படிப்பேன்.

கைப்பேசிப் படிவத்தையும் அப்படியே பார்த்தேன். பயணம் சுகமாக இருந்ததா என்றே கேள்விகள். அடியில் 'வேறு கருத்து' என்று ஒரு கட்டம். "வெயிலில் நின்று தார் போடுகிறவர்களையும் கேட்டீர்களா?" என்று எழுதி அனுப்பினேன்.